ஓய்வு பெற்ற ஒலிபெருக்கி

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. குளியலறையில் இருக்கும் மகன் இன்னும் சற்று நேரத்தில் வெளியே வருவார். அடுத்து மருமகள். வரிசையில் காத்திருக்கவும்."

தலை நிறைய சோப்பு நுரையோடு மகன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் அப்பா நின்றிருந்தார். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன.

"அப்பா, கொஞ்சம் மெதுவாப் பேசக் கூடாதா?"

"மெதுவாப் பேசினா பஸ் போயிடும்டா."

வம்பை விலைக்கு வாங்கியவன் மகன்தான். பேருந்து நிலையத்தில் வாழ்நாள் முழுக்க மைக் முன்னால் உட்கார்ந்திருந்த மனிதரை, "எழுபத்தஞ்சு வயசுல எதுக்குப்பா இந்தப் பாடு? பாக்கறவங்க என்னைத்தானே திட்டுவாங்க" என்று போன மாதம் பிடிவாதமாக வீட்டுக்கு அழைத்து வந்தான். அப்பா எவ்வளவோ மறுத்தார். "நல்லா யோசிச்சுச் செய்டா" என்றாள் அம்மா. யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

இப்போது வீட்டில் எல்லாவற்றுக்கும் கால அட்டவணை. குளியலறை காலியாகவே கிடந்தாலும் நேரம் வராமல் அப்பா யாரையும் உள்ளே விடமாட்டார். மகன் தினமும் அலுவலகத்துக்குத் தாமதம். அவன் வேலை பார்ப்பது ஒரு சோப்புக் கம்பெனியின் கணக்குப் பிரிவில். பிரிவுத் தலைவர் பதவி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இப்படியே போனால் அது அடுத்த மேசைக்காரனுக்குப் போய்விடும் என்று மேலாளர் ஜாடையாகச் சொல்லிவிட்டார்.

அந்தக் குரலுக்கு ஏதாவது வேலை கொடுத்தால் சரியாகிவிடும் என்று மகனுக்குத் தோன்றியது.

"அப்பா, இனிமே வீட்டு போனை நீங்கதான் எடுக்கணும்."

அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு போன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுவிட்டார்.

மறுநாளும் தாமதம். "அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன் சார்" என்று மேலாளரிடம் கைபேசியில் சொல்லிவிட்டு மகன் அலுவலகத்துக்கு ஓடினான். மேலாளர் நல்ல மனிதர். நலம் விசாரிக்க வீட்டுக்கே போன் போட்டார். தாமதத்தின் காரணத்தை மறைப்பது அப்பாவின் தொழிலில் பெரும் பாவம்.

"வருந்துகிறோம். சட்டை இஸ்திரி தொடர்பாக மனைவியோடு ஏற்பட்ட தகராறு காரணமாக உங்கள் ஊழியர் தாமதமாகப் புறப்பட்டிருக்கிறார். அவருடைய தாயார் நலம். சற்று முன்புதான் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்."

அன்று மாலை மகன் பேயறைந்தவன்போல வந்து உட்கார்ந்தான்.

"திங்கட்கிழமை கடைசி வாய்ப்பாம். அன்னிக்கும் லேட்டுன்னா பதவி போச்சு."

"அதுக்கு ஏன் இடிஞ்சு போறீங்க?" என்றாள் மருமகள். "குடியிருப்புல தண்ணி திறக்கற நேரத்தை மாமாவை அறிவிக்கச் சொல்லுவோம். அவர் கீழே போயிட்டா பாத்ரூம் நமக்குத்தானே?"

ஆகா, எவ்வளவு பிரமாதமான யோசனை. ஒத்திகைக்காக ஞாயிறு காலையே குடியிருப்புச் செயலாளர் கைமைக்கைக் கொடுத்தார்.

"குடியிருப்போரின் கனிவான கவனத்திற்கு. தண்ணீர் இன்னும் சற்று நேரத்தில் வரும். மூன்று நாள் என்று சொல்லி இரண்டாம் மாடிக்கு வந்த மாமியார், மறு அறிவிப்பு வரும் வரை அங்கேயே தங்குவார் என்று தெரிகிறது."

அவ்வளவுதான். இரண்டாம் மாடி மாமியார் பெட்டியோடு இறங்கினார். அவர் பின்னால் மகள், மகள் பின்னால் மாப்பிள்ளை. மாப்பிள்ளை முகத்தில் மட்டும் கொஞ்சம் நன்றி தெரிந்தது. செயலாளர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். இத்தனை அமளியிலும் அம்மா வெந்நீர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, "அக்காவைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று நழுவினாள். அந்த அக்காவுக்கு என்ன நோயோ, ஒரு மாதமாகக் குணமாகவே இல்லை.

மகனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. போட்டிருந்த சட்டையோடு பேருந்து நிலையத்துக்கு ஓடி, மூச்சிரைக்க நிலைய அதிகாரி முன்னால் போய் நின்றான்.

"சார், எங்கப்பாவைத் திரும்ப எடுத்துக்குங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நீங்கதானேப்பா கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனீங்க?"

"புத்தி கெட்டுப் போச்சு சார். வயசானவங்க ஏன் வேலையை விடமாட்டேங்கறாங்கன்னு இப்பத்தான் புரியுது."

"புரிஞ்சு என்ன பண்றது? அந்த இடத்துக்கு மறுநாளே ஆள் வந்தாச்சு. வயசு எழுபது. எல்லா வண்டி நேரமும் மனப்பாடம். லீவு எடுத்துக்கங்கன்னா சண்டைக்கு வர்றாங்க."

மகனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பதவி கண்ணெதிரே பறக்கிறதே.

"எழுபது வயசானவங்களை வேலைக்கு அனுப்பிட்டு வீட்ல உக்காந்திருக்காங்களே, அவங்கெல்லாம் என்ன மனுஷங்க சார்? பெத்த பிள்ளைன்னு ஒருத்தன் இல்லையா?"

அதிகாரி, அறிவிப்பு மைக் இருக்கும் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அலுவலக வாசலில் கத்திக்கொண்டிருக்கும் என் மகன் உடனே வீடு திரும்பவும். அப்பாவுக்குச் சாப்பாடு அடுப்படியில் மூடி வைக்கப்பட்டிருக்கிறது. அம்மா ஓய்வு பெறும் எண்ணத்தில் இல்லை. வருந்துகிறோம்."