கண்ணில் அடைப்பு, அப்பா மேல் வெறுப்பு

மெத்தைக்கடை சூப்பர்வைசர் டாக்டரின் அறையை விட்டு வெளியே வரும்போதே ஒரு திடமான முடிவுக்கு வந்துவிட்டார். பெற்ற பிள்ளையிடம் கெட்ட பெயர் வாங்குகிற வேலை எதையும் தாம் செய்யப்போவதில்லை. செய்தால் அவள் செய்யட்டும். அவள் என்றால் அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், குழந்தைக்காக நீண்ட லீவில் இருப்பவள். அந்த நேரத்தில் அவள் பிள்ளையின் கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கிக்கொண்டிருந்தாள். கணவர் முடிவெடுக்கிற முகத்தோடு வருவதை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பிள்ளைக்கு ஏழு மாதம். வலது கண்ணில் மட்டும் எந்நேரமும் நீர் ததும்பும். சிரிக்கும்போதுகூட ஏதோ பெரிய துக்கத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பவன் மாதிரி இருப்பான். தூங்கி எழுந்தால் இமை இரண்டும் பீளையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்களெல்லாம் பாப்பாவை யார் அழவைத்தது என்று கேட்டுவிட்டு, கேட்ட கையோடு சூப்பர்வைசரை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

டாக்டர் பொறுமையாக விளக்கியிருந்தார். கண்ணிலிருந்து மூக்குக்குள் நீர் இறங்குகிற சின்னக் குழாய் இன்னும் திறக்கவில்லை. நிறையக் குழந்தைகளுக்கு இருப்பதுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டி, கண்ணின் உள்மூலையில் விரல் நுனியை வைத்து, மூக்கின் ஓரமாகக் கீழ்நோக்கி அழுத்தி வழித்துவிட வேண்டும். தினமும் நாலைந்து வேளை செய்தால் பெரும்பாலும் முதல் பிறந்தநாளுக்குள் திறந்துகொள்ளும். திறக்காவிட்டால் மயக்கம் கொடுத்து, மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டுத் திறக்க வேண்டியிருக்கும். கம்பி என்றதும் சூப்பர்வைசர் டாக்டரின் மேசையைப் பிடித்துக்கொண்டார். மேற்கொண்டு கேட்க வேண்டியதையெல்லாம் டீச்சர்தான் கேட்டாள்.

பிறகு டாக்டர் ஒரு தடவை செய்து காட்டினார். பிள்ளை ஊரைக் கூட்டினான். அழுது முடித்து டாக்டரை ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள், ஏழு மாதத்துக்குள் அவ்வளவு பகையை எங்கே சேர்த்துவைத்திருந்தான் என்று தெரியவில்லை. அந்தப் பார்வை தம் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் சூப்பர்வைசர் மேற்படி முடிவை எடுத்தார்.

அவரைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. நாள் முழுக்கக் கடையில் வாடிக்கையாளர்களை மெத்தையில் படுக்கவைத்து, முதுகு எப்படி இருக்கிறது, இடுப்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற உத்தியோகம். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். எழுந்ததும் விலை கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். முதலாளிக்கு அவர் கடைக்கு வந்தது தெரியாது, வராதது மட்டும் தெரியும். அவரைக் கண்டதும் கையைக் காலை உதறிக்கொண்டு துள்ளுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான். அவனுக்குத்தான் கண்ணில் அடைப்பு.

வீட்டுக்கு வந்ததும் மனைவியை உட்காரவைத்து விற்பனை பாணியிலேயே பேசினார். தம் விரல்கள் மெத்தையை அமுக்கி அமுக்கி உரமேறிப் போனவை என்றார். பூப்போன்ற இடத்தில் அந்த விரலா என்று தாமே பதறினார். தாய்க்கை என்பதே வேறு என்று முடிக்கும்போது குரல் தழுதழுத்தது. டீச்சர் "சரிங்க" என்றாள். உடனே சரி என்றாளே என்று அந்த இடத்திலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அவருடைய மோட்டார் சைக்கிளை அவள் விற்றபோதும் இப்படித்தான், விற்கக் கூடாது என்று அவர் சொன்னதற்கெல்லாம் சரி சரி என்றாள்.

அவருடைய திட்டம் அதோடு நிற்கவில்லை. அவள் உள்ளே கண்ணை வழித்துவிட ஆரம்பித்ததும் இவர் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். அழுகை உச்சத்தைத் தொட்டதும் உள்ளே பாய்வார். "யாரு என் செல்லத்தை அழவெச்சது? அம்மாவா? அம்மாவை அடிச்சிடலாமா?" என்று கேட்டு, அவள் தோளில் பொய்யாக ரெண்டு தட்டு தட்டிவிட்டுப் பிள்ளையை வாரிக்கொள்வார். அவன் விசும்பலோடு அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அம்மாவை முறைப்பான். டீச்சர் எழுந்து போய்க் கை கழுவுவாள். மாடிவீட்டு அக்கா இதைப் பார்த்துவிட்டு, இது சுத்தமான அப்பா பிள்ளை என்று சான்றிதழ் கொடுத்தார். கடையில் தலையணை விற்கிற சகாவிடம் சூப்பர்வைசர் அதை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒரு சாயங்காலம் அவர் வழக்கம்போலக் கையை விரித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். பிள்ளை அவரைப் பார்த்தான். கீழுதடு பிதுங்கியது. வீல் என்று கத்திக்கொண்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

பல் முளைக்கிறது என்றார் சூப்பர்வைசர். மறுநாளும் கத்தினான். வயிற்றில் காற்று என்றார். அதற்கடுத்த நாள் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. சோப்பை மாற்றினார். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டார். மூக்குக்கண்ணாடிதான் பயமுறுத்துகிறதோ என்று வாசலிலேயே அதைக் கழற்றிவிட்டு வந்து செருப்பு ஸ்டாண்டின் மேல் விழுந்தார். அவர் விழுந்ததைப் பார்த்தும் பிள்ளை அழுதான். கடைசியில் மீசையை எடுத்துவிடுவது என்று ரேஸரோடு நின்றபோது டீச்சர் ஓடிவந்து தடுத்தாள். மீசைதான் அவருக்கு அழகு, அதைத் தொட வேண்டாம் என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை அழகு என்று சொன்னதில்லை. அந்தப் பூரிப்பில் அன்றைக்குப் பிள்ளை கத்தியதுகூட அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

மாடிவீட்டு அக்கா சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அப்படி என்னதான் செய்தீர்கள் குழந்தையை என்று படியில் வைத்துக் கேட்டுவிட்டார். சூப்பர்வைசர் அன்றிரவு சாப்பிடவில்லை. மனசு உடைந்துவிட்டது, அதுதான் உண்மை.

ஒருநாள் மத்தியானம் கடையில் கரண்ட் போய், வர மாட்டேன் என்று அடம்பிடித்ததால் முதலாளி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சூப்பர்வைசர் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். உள்ளறையிலிருந்து கரகரப்பான ஓர் ஆண்குரல் கேட்டது. "அப்பா வந்துட்டேன்டா செல்லம். கண்ணைக் காட்டு, அப்பா அமுக்கிவிடறேன்."

மூலையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு அறைக்குள் பாய்ந்தார். பாய்ந்தவர் அப்படியே நின்றார். கட்டிலில் அவரே உட்கார்ந்திருந்தார். அவருடைய நீலக் கடைச்சட்டை, பையில் கடையின் பேட்ஜ், அவருடைய பழைய மூக்குக்கண்ணாடி, கன்னங்கரேலென்று கட்டையான மீசை. ஒரு கணம், தப்பான வீட்டுக்குள் நுழைந்தது நாம்தானோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நீங்க யாருங்க?" என்று மரியாதையாகவே கேட்டார்.

கட்டிலில் இருந்த சூப்பர்வைசர், "இருங்க, ரெண்டு தடவை பாக்கி இருக்கு" என்று அவர் மனைவியின் குரலில் சொல்லிவிட்டு, ரெண்டு தடவையும் வழித்து முடித்தார். பிள்ளை அலறினான். கட்டிலில் இருந்தவர் எழுந்து கதவுக்குப் பின்னால் போய்ச் சட்டையைக் கழற்றி, கண் மையால் வரைந்த மீசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, டீச்சராகத் திரும்பி வந்தார்.

"யாரு என் செல்லத்தை அழவெச்சது? அப்பாவா? அப்பாவை அடிச்சிடலாமா?"

பிள்ளைக்குச் சொல்லவா வேண்டும். குடையோடு நின்ற அப்பாவின் மூக்கில் பலமாகவே ஒன்று வைத்தான்.

"இது பச்சை மோசடி" என்றார் சூப்பர்வைசர், மூக்கைத் தடவிக்கொண்டு.

"ஆமாங்க."

"என் சட்டை, என் கண்ணாடி, என் மீசை..."

"குரல்தான் இன்னும் சரியா வரலை. தொண்டை கட்டிக்கிச்சு."

"ஒரு தகப்பனுக்குச் செய்யற காரியமா இது?"

"கெட்ட பேரை ஆளுக்குப் பாதியா வெச்சுக்கலாம்னுதான் இருந்தேன். நீங்க என் தோள்ல அடிச்சு முழுசையும் என் தலையில கட்டினீங்க. சரி, முழுசையும் உங்களுக்கே குடுத்துடலாம்னு தோணிச்சு."

"இப்ப நான் என்னதான் பண்றது?"

டீச்சர் கரும்பலகைக்கு முன்னால் நிற்பவள் போல நிமிர்ந்தாள். "கெட்ட பேருதான் ஏற்கெனவே வந்தாச்சே. இனிமே நீங்களே அமுக்கிவிடுங்க. புதுசா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

எத்தனையோ பேரை வாய் பேசியே மெத்தையில் சாய்த்த மனிதர் குடையைக் கொண்டுபோய் மூலையில் வைத்தார்.

மறுநாள் காலை கையைக் கழுவி, நகத்தை வெட்டிக்கொண்டு கிட்டே போனார். பிள்ளை அவரைப் பார்த்ததுமே கண்ணை இறுக மூடிக்கொண்டான். தலையைத் திருப்பினான். புரண்டான். நெற்றியிலும் காதிலும் விரல் பட்டதே தவிர, அழுத்த வேண்டிய இடத்தில் படவேயில்லை. டீச்சர் அவருடைய சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாலும் இப்போது இதே கதைதான். பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. காலையில் பீளை ஒட்டிய அந்தச் சின்ன இமையைப் பார்க்கும்போதெல்லாம் சூப்பர்வைசருக்கு டாக்டர் சொன்ன கம்பி ஞாபகம் வந்தது. பிள்ளையிடம் நல்ல பெயர் வேண்டாம், அந்தக் கம்பி மட்டும் வேண்டாம் என்று இருந்தது.

அப்போதுதான் அவருக்கு அது தோன்றியது. அவள் நானாகலாம் என்றால், நான் அவளாகக் கூடாதா?

மஞ்சள் பூப்போட்ட அவளுடைய நைட்டியை எடுத்து மாட்டினார். தோளில் ஒரு தையல் விட்டது, நீளம் முழங்காலோடு நின்றது. மீசையை மறைக்கத் துண்டைச் சுற்றிக்கொண்டார். பிள்ளை பார்த்தான். மேலிருந்து கீழாகப் பார்த்தான். பிறகு சிரித்தான், கெக்கெக்கே என்று மூச்சு வாங்கச் சிரித்தான். சிரித்தபடி நைட்டியின் கழுத்து ரிப்பனைப் பிடித்து இழுத்து வாயில் போட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தான். சூப்பர்வைசரின் விரல் கண்ணின் மூலையில் பதிந்து, அழகாக, மெதுவாகக் கீழே இறங்கியது. பிள்ளை முனகக்கூட இல்லை.

டீச்சர் வாசற்படியில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "பரவாயில்லைங்க, நைட்டி உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு" என்றாள்.

கடைக்குப் போகுமுன் அவர், வந்தபின் அவர், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்தும் அவர். அப்புறம் நைட்டியைக் கண்டால்தான் பிள்ளை சோற்றுக்கு வாய் திறந்தான். குளிப்பாட்டவும் நைட்டி, தூங்கவைக்கவும் நைட்டி. உங்கள் கையில்தான் அழுவதே இல்லையே என்று சொல்லிவிட்டு டீச்சர் செய்தித்தாளை விரித்துக்கொள்வாள். ஒருநாள் பார்சல் கொண்டுவந்தவன் தலையைத் தூக்காமலே, "மேடம், இங்க ஒரு கையெழுத்து" என்றான். சூப்பர்வைசர் போட்டுக் கொடுத்தார்.

பிறந்தநாளுக்குச் சற்று முன்னால் டாக்டரிடம் போனார்கள். சூப்பர்வைசர் இஸ்திரி போட்ட சட்டையும் பேண்ட்டுமாகக் கம்பீரமாக வந்திருந்தார். டாக்டரின் அறையில் அம்மாவின் மடியிலிருந்து அவரை அந்தக் கோலத்தில் பார்த்த பிள்ளை அலற ஆரம்பித்தான். அழுகிற கண்ணில் நீர் வரத்தானே செய்யும், இதை வைத்து நான் என்ன சொல்வது, முதலில் அழுகையை நிறுத்துங்கள் என்றார் டாக்டர். டீச்சர் பைக்குள் கையை விட்டு மஞ்சள் நைட்டியை எடுத்து நீட்டினாள்.

சூப்பர்வைசர் டாக்டரைப் பார்த்தார். நர்ஸைப் பார்த்தார்.

"எதுவா இருந்தாலும் சீக்கிரம்" என்றார் டாக்டர். "வெளியே கூட்டம் நிக்குது."

பேண்ட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். அழுகை சட்டென்று நின்றது. டாக்டர் பிள்ளையின் முகத்தைத் துடைத்தார், காத்திருந்தார், விளக்கடித்தார், மூலையில் அழுத்திப் பார்த்தார். பீளை வரவில்லை. நீர் தேங்கவில்லை. இரண்டு கண்ணும் ஒரே மாதிரி பளபளத்தன.

"திறந்துடுச்சு. கம்பியெல்லாம் வேண்டாம்" என்றார்.

சூப்பர்வைசர் அங்கேயே, நைட்டியோடு, தேம்பித் தேம்பி அழுதார். அப்பாவுக்குக் குழாய் ரெண்டும் நன்றாக வேலை செய்கிறது என்று டாக்டர் சீட்டில் எழுதாமல் வாயால் சொன்னார். பிள்ளை இரண்டு கையையும் நீட்டி அவர் மேல் தாவினான். கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவர் முகத்தை நன்றாகப் பார்த்து, தன் வாழ்நாளின் முதல் வார்த்தையைத் தெளிவாகச் சொன்னான்.

"அம்மா."

நர்ஸ் திரும்பி நின்றுகொண்டாள். சூப்பர்வைசருக்கு மட்டும் வருத்தமே இல்லை. என்ன சொல்லிக் கூப்பிட்டால் என்ன, என்னைத்தானே கூப்பிட்டான் என்று நெஞ்சு நிறைந்திருந்தது. பத்து மாதம் சுமந்தவள் முகம் வாடுகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். ஒரு விஷயத்திலாவது அவளை ஜெயித்துவிட்ட திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை காலை. நாளைக்குத்தான் நமக்கு வேலை என்று சூப்பர்வைசர் வீட்டில், கடையிலிருந்து வாங்கிவந்த முதல்தர மெத்தையில் குப்புறப் படுத்திருந்தார். தொட்டிலிலிருந்து, "அம்மா, அம்மா" என்று குரல் வந்தது. கண்ணைத் திறக்காமலே, பிள்ளை கூப்பிடுகிறான் பார் என்றார் மனைவியிடம்.

டீச்சர் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"ஆமா, உங்களைத்தான். எழுந்து போங்க."