தோள், முழங்கை, முழங்கால்

"ஐயோ அம்மா!"

அருந்ததி போட்ட சத்தத்தில் காலி வீதிக்கு அந்தப் பக்கம் நின்ற வடை வண்டிக்காரன் நிலத்தோடு நிலமாகப் படுத்துவிட்டான். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அது. கொழும்பில் யாராவது கத்தினால் முதலில் படுத்துவிட்டுப் பிறகுதான் என்ன ஏது என்று விசாரிப்பார்கள். பஸ்ஸால் இறங்கி வரிசையில் நின்றவர்களிலும் பாதிப் பேர் குந்திவிட்டார்கள்.

வெடித்தது ஒன்றுமில்லை. வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில், பெண்களைச் சோதிக்கிற சாக்குமறைப்புக்குள், பொலிஸ்காரி சோமலதா அருந்ததியின் தோளைப் பெருவிரலால் ஒருமுறை அமத்திப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது.

"மொகத மே?" என்ன இது என்று சிங்களத்தில் கேட்டுச் சோமலதாவே பயந்துபோனாள். தோளை விட்டுவிட்டு முழங்கையைத் தொட்டாள். அதற்கும் ஒரு "ஐயோ!" முழங்காலைத் தொட்டாள். வடை வண்டிக்காரன் அப்போதுதான் எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தவன், மறுபடியும் படுத்தான்.

அந்த நாளில் சாவடியில் ஏன் அந்த மூன்று இடத்தையும் பார்ப்பார்கள் என்று தமிழருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இயக்கத்தில் இருந்து துவக்குத் தூக்கிச் சுட்டால் தோளில் அடையாளம் விழும். தவழ்ந்து பயிற்சி எடுத்தால் முழங்கையும் முழங்காலும் காய்த்துப் போகும். அருந்ததிக்கு அடையாளமும் இல்லை, காய்ப்பும் இல்லை. வயது நாற்பத்துநாலு. கையில் இருந்த பையில் வாழைக்காயும் ஒரு பிடி கீரையும். ஆனால் பாருங்கள் கெடுகாலத்தை, அவளுக்கு அதிகம் நோகிற இடங்கள் அதே தோள், அதே முழங்கை, அதே முழங்கால்.

நாலு வருசமாக அவளுக்கு உடம்பெல்லாம் நோ. விடிய எழும்பினால் யாரோ உலக்கையால் இடித்துவிட்டுப் போனது மாதிரி இருக்கும். சீலைக் கரை உரசினாலும் நோகும். ஆறு டொக்டர்மாரிடம் போனாள். ஆறு பேரும் இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், கடைசியில் 'நோர்மல்' என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அவள் கேட்டது ஒரு பெயர்தான். 'எனக்கு இன்ன வருத்தம், இன்ன நோய்' என்று நாலு பேருக்குச் சொல்ல ஒரு பெயர் வேண்டும். நாலு பேர் கிடக்கட்டும், கட்டின மனிசனுக்காவது சொல்லவேண்டும்.

அந்த மனிசன், இராசரத்தினம், அப்போது ஆண்கள் வரிசையில் நின்றார். அரசாங்கக் கந்தோரில் தலைமைக் கிளாக்கர். நோ, களைப்பு என்ற சொற்களைக் கேட்டாலே அவருக்குச் சினம் பொத்துக்கொண்டு வரும். மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஆறுதலாகக் கடலைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். சலூனில் காளியப்பன் தோளைப் பிடித்துவிட வந்தால் கையைத் தட்டிவிடுவார்; ஆம்பிளையளுக்கு உது என்னத்துக்காம். மனிசியின் சத்தம் கேட்டதும் ஓடிவந்தார்.

"சேர், சேர், பயப்பிடாதேங்கோ!" சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணிய மனிசன் சுத்தமான சிங்களத்தில் சொன்னார். "அவவுக்கு ஒண்டுமில்லை. உது சும்மா நடிப்பு."

சார்ஜன்ட் நிமிர்ந்து பார்த்தார். "நடிப்பா? என்னத்துக்கு நடிக்கிறா?"

"இல்லை சேர், நடிப்பெண்டால்... வீட்டிலையும் உப்பிடித்தான்."

"வீட்டிலேயும் நடிச்சுப் பழகுறாவா?"

இருவரையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள்.

நிலையத்து மரவாங்கில் குந்தியிருந்த அருந்ததி, வந்த கதவைப் பார்த்தாள். இந்தக் கதவால் உள்ளே போய் ஆறு மாதம் வெளியே வராத பிள்ளைகளை அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயத்தையும் மிஞ்சி ஒரு ஆத்திரம் வந்தது.

"நடிப்பெண்டோ சொன்னியள்?"

"உம்மைக் காப்பாத்தத்தானே சொன்னனான்!"

"நாலு வருசமாவும் உதைத்தானே சொல்லுறியள். அதுவும் காப்பாத்தவோ?"

இராசரத்தினம் எழும்பி இன்ஸ்பெக்டரிடம் போய்க் கதையை மாற்றினார். "சேர், உண்மையா அவவுக்கு வருத்தம். ரிப்போட் எல்லாம் இருக்கு." அனுமதி கேட்டு வீட்டுக்கு ஓடிப்போய், நாலு வருசத்துக் கடதாசிகளையும் ஒரு சொப்பிங் பையில் அடைத்துக்கொண்டு திரும்பிவந்தார்.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "நோர்மல். நோர்மல். இதுவும் நோர்மல். இராசரத்தினம், என்ரை மனிசிக்குக்கூட இவ்வளவு நல்ல ரிப்போட் இல்லை. இப்பிடிச் சுகமான மனிசி தொட்டால் கத்துறா. ஏன்?"

இராசரத்தினம் பையிலிருந்து இன்னொரு கடதாசியை எடுத்து நீட்டினார். அதுவும் நோர்மல்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்து சேர்ந்தார் சவுந்தரநாயகம். கீழ்வீட்டுக்காரர். படியில் ஓடிய இராசரத்தினத்திடம் விசயத்தைக் கேட்டுவிட்டு, அழைக்காமலே சாட்சி சொல்லப் பின்னால் வந்த நல்ல மனிசன். அயலவர் நல்ல பெண் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்பது அவருடைய எண்ணம்.

"சேர், பதினைஞ்சு வருசமா எனக்கு இவவைத் தெரியும். வருத்தமோ? ஒரு தும்மல் கிடையாது! தண்ணி பம்ப் பழுதாய்ப் போனால், ரெண்டு கையிலையும் ரெண்டு வாளி, கீழையிருந்து மூண்டாம் மாடிக்கு! ஆம்பிளை மாதிரி!"

"அண்ணை, வாயை மூடுங்கோவன்!" என்றாள் அருந்ததி. வாளி தூக்கியது உண்மைதான். தூக்கிவிட்டு இரண்டு நாள் படுக்கையில் கிடந்து அழுதது சவுந்தரநாயகத்துக்குத் தெரியாது.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தில் எழுதினார். எழுதும்போதே வாய்விட்டுச் சொன்னார். "பாரம் தூக்கிப் பழக்கம் உண்டு." பேனையை மூடிவைத்துவிட்டு ஒரு கடிதத்தைச் சோமலதாவிடம் நீட்டினார். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. வருத்தமெண்டு டொக்டர் எழுதித் தந்தால் வீட்டுக்குப் போகட்டும். இல்லையெண்டால் திருப்பி இங்கே கொண்டுவா."

இராசரத்தினமும் சொப்பிங் பையோடு ஜீப்பில் ஏறிக்கொண்டார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அருந்ததி ஒரு "ஐயோ" சொன்னாள். ஐந்தாவது பள்ளத்தில் சோமலதா தன்னுடைய மழைக்கோட்டை மடித்து அவளுக்குக் கீழே வைத்தாள். அருந்ததி கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டாள். எல்லாரும் வருத்தம் இருக்கக்கூடாது என்று கும்பிடுவார்கள். அவள், "பிள்ளையாரே, எனக்கு ஏதாவது ஒரு வருத்தம் இருக்கவேணும்" என்று கும்பிட்டாள்.

டொக்டர் ஹமீட் கடிதத்தை வாசித்தார். சொப்பிங் பைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அதைத் தள்ளி வைத்தார்.

"ரத்தத்தப் பாத்திருக்காங்க, எலும்பப் பாத்திருக்காங்க. எங்க நோகுதுன்னு ஒருத்தரும் தொட்டுப் பாக்கல்லயா?"

"இல்லை டொக்டர். பொலிஸ்தான் முதன்முதல் தொட்டுப் பாத்தது."

"நித்திர எப்பிடி? எழும்புறப்போ படுக்கவே இல்லாத மாதிரி இருக்கா?"

அருந்ததி அழத் தொடங்கிவிட்டாள். நாலு வருசத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி அது. ஓம் என்று தலையாட்டத்தான் முடிந்தது.

கழுத்து, தோள், முதுகு, முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று டொக்டர் பெருவிரலால் அமத்தி அமத்திக் குறித்துக்கொண்டார். அவள் போட்ட சத்தத்தைக் கேட்டு, வெளியே வரிசையில் இருந்த நோயாளிகளில் இரண்டு பேர் எழும்பி வீட்டுக்கே போய்விட்டார்கள்.

"பதினெட்டு இடத்துல பதினாறு நோகுது. பதினொண்டு இருந்தாலே போதும். இதுக்குப் பேரு பைப்ரோமயால்ஜியா. நடிப்பு இல்ல. உசிருக்கு ஆபத்தும் இல்ல. ஆனா நோவு உண்மை."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ டொக்டர்."

"பைப்ரோமயால்ஜியா."

அவளுக்கு வாயில் நுழையவில்லை. நுழையாவிட்டால் என்ன? தன்னுடையதாக ஒரு பெயர் கிடைத்துவிட்டது. "எழுதித் தாங்கோ டொக்டர். கொட்டை எழுத்திலை எழுதுங்கோ."

டொக்டர் பேனையை எடுத்தார். அப்போதுதான் இராசரத்தினம் வாயைத் திறந்தார். எழுத்து விழுந்த பிறகாவது திறந்திருக்கலாம்.

"அதென்ன டொக்டர், உப்பிடிப் போட்டு அமத்தினால் ஆர்தான் கத்தமாட்டினம்?"

வாசலில் நின்ற சோமலதா தலையை நிமிர்த்தினாள். அவளுக்குத் தமிழ் ஓரளவு விளங்கும். அருந்ததி டொக்டரின் பேனையைப் பார்த்தாள்; அது எழுதாமல் நின்றுவிட்டது. இந்தக் கதை இன்ஸ்பெக்டரின் காதுக்குப் போனால் எல்லாம் முடிந்தது. பாவி மனிசா, கடைசியிலும் நீயா!

டொக்டர் கோபப்படவில்லை. "பொலிஸும் இருக்கிறது நல்லதுதான். நோயில்லாத ஆளுக்கு எப்பிடி இருக்கும்னு காட்டுறன். நீங்க இந்தக் கதிரையில இருங்க."

இராசரத்தினம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தார். டொக்டர் அவருடைய தோளை அமத்தினார். அருந்ததி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கத்திவிடாதேயுங்கோ, கத்திவிடாதேயுங்கோ.

அவர் கத்தவில்லை. டொக்டர் முழங்கையை அமத்தினார், அதற்கும் சத்தமில்லை. முழங்கால். இல்லை. அருந்ததி மூச்சை விட்டாள். "பாத்தீங்களா?" என்று சோமலதாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பிய டொக்டர், இராசரத்தினத்தின் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

பல்லைக் கடித்தபடி இருந்தார் இராசரத்தினம். நெற்றியெல்லாம் வேர்வை. இரண்டு கண்ணாலும் தண்ணீர் தாரையாக ஓடிக்கொண்டிருந்தது.

"நோகுதா?"

"நோகும்தானே டொக்டர். நானென்ன மரக்கட்டையே?"

"எவ்வளவு காலமா?"

"எப்பவும்தான். கலியாணம் கட்டினபோதும் உப்பிடித்தான்."

"யாருகிட்டயும் சொல்லல்லயா?"

"இதிலை சொல்ல என்ன கிடக்கு? மூச்சு விடுறதையும் ஆரும் சொல்லித் திரிவினமே? எல்லாரும் பொறுத்துக்கொண்டுதானே வேலை வெட்டிக்குப் போகினம். இவ மட்டும் அதைப் பெரிசாச் சொல்லிக்கொண்டிருந்தால் எனக்குச் சினம் வராதே?"

அருந்ததி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இராசரத்தினம் டொக்டரைப் பார்த்தார், மனிசியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அவருடைய குரல் மெல்ல இறங்கிப் போயிற்று.

"ஏன்... உங்களுக்கெல்லாம் நோகிறேல்லையே?"

சோமலதா தன்னுடைய தோளைப் பெருவிரலால் ஒருமுறை அமத்திப் பார்த்தாள். முழங்கையையும் அமத்திப் பார்த்தாள்.

"இல்ல மாத்தயா," என்றாள் தனக்குத் தெரிந்த தமிழில். "எங்களுக்கு நோவு இல்ல."