மேப்புக்கு வாய்த்த ஆமாஞ்சாமி

முன்பெல்லாம் ஆமாஞ்சாமிகள் பண்ணையார் பின்னாலும் மேலதிகாரி பின்னாலும் கைகட்டி நின்றார்கள். இப்போது அந்த இனம் இடம் மாறிவிட்டது. கைப்பேசியில் வழிகாட்டும் மேப், போகிற வருகிற கடைகளைப் பற்றிக் கேள்வி கேட்கிறது, இவர்கள் "ஆமாம்" என்கிறார்கள். சம்பளம் கிடையாது, போனஸ் கிடையாது, ஒரு தீபாவளி ஸ்வீட் பாக்ஸ்கூடக் கிடையாது. ஆனாலும் அரியலூரில் பஸ் ஏறிப் பெரம்பலூரில் இறங்குவதற்குள் உங்கள் கண்ணில் நாலு பேராவது படுவார்கள்.

எங்கள் அய்யாக்கண்ணு இந்த இனத்தில் மூத்தவர். சிமெண்ட் ஆலை ஒன்றில் டைம் ஆபீஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். பதில் சொல்லிச் சொல்லியே மேப்பிடம் ஏழாம் நிலை வழிகாட்டி என்று பட்டம் வாங்கியிருக்கிறார். மகன் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குப் பின்னால் அதைப் போடலாமா என்று அச்சகத்தில் விசாரித்தவர் அவர். சலூனில் முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருக்கும்போதும், ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதும், சிறுவாச்சூர் கோயிலில் மனைவி மலர்க்கொடி சாமி கும்பிட்டுத் திரும்புவதற்குள்ளும், போன் டிங் என்று ஒலித்தால் போதும், எதிரே இருப்பதை நிமிர்ந்து பார்க்காமல் கட்டைவிரலாலேயே ஊருக்குச் சான்றிதழ் வழங்கிவிடுவார். இங்கே வண்டி நிறுத்த இடம் உண்டா? ஆமாம். குழந்தைகளோடு வரலாமா? ஆமாம். சக்கர நாற்காலி செல்லும் நுழைவாயில் உண்டா? ஆமாம், ஆமாம்.

"இல்லை" என்றும் ஒரு பொத்தான் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

"சார், வூட்டுல அரிசி தீந்துபோனாகூட 'இல்ல'ன்னு சொல்லமாட்டோம், 'நெறஞ்சிருக்கு'ம்போம். ஊரான் கடையப் பாத்து எப்படி சார் இல்லன்னு சொல்றது? விளங்குமா அது?"

சரி, "தெரியவில்லை" என்ற பொத்தான்? அதை அவர் விரல் தொட்டதே கிடையாது. எங்கள் பக்கத்தில் வழி கேட்டவரிடம் தெரியாது என்று சொல்லி அனுப்புவது மரியாதைக் குறைவு. உடையார்பாளையத்துக்குப் போக வேண்டியவரை எதிர்த்திசையில் போகும் பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோர சீட்டும் பிடித்துக் கொடுத்து அனுப்புவோமே தவிர, தெரியாது என்று மட்டும் சொல்ல மாட்டோம்.

அய்யாக்கண்ணு பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரிடம் கொள்கை இருக்கிறது. எங்கள் ஊர்க் கடைகளின் வாசலைப் பார்த்திருப்பீர்கள். ரோடு போடப் போட அது உயர்கிறது என்று கடைக்காரர்களும் வாசலை உயர்த்திக்கொண்டே போய், சாக்கடைக்கு மேல் நாலு படி வைத்து, படிக்கு ஓரமாக பைக் ஏற்ற ஒரு சிமெண்ட் சரிவு போட்டிருப்பார்கள். அகலம் ஒரு டயர். அதில் பைக்கை ஏற்றுபவரே முதல் கியரில் குலசாமியை வேண்டிக்கொண்டுதான் ஏற்ற வேண்டும்.

"பைக்கு ஏறுதுல்ல? அப்ப சேரு ஏறாதா?" என்பார் அய்யாக்கண்ணு. "ஏறலன்னா நாலு பேரு தூக்கிவுட்டா போச்சு. நம்ம ஊர்ல தூக்கிவுட ஆளுக்கா பஞ்சம்?"

இப்படி அவர் "ஆமாம்" போட்ட இடங்களில் ஒன்று, நாங்கள் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்கு எதிரே இருக்கும் கம்ப்யூட்டர் சென்டர். போன மாதம் அங்கே ஆசிரியர் வேலைக்கு நேர்காணல் வைத்திருந்தார்கள். ரெட்டிபாளையத்திலிருந்து வெற்றிச்செல்வி என்ற பெண் தன் மூன்று சக்கர ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். பின்னால் கட்டியிருந்த சக்கர நாற்காலியை அவளே அவிழ்த்து, விரித்து, ஸ்கூட்டரிலிருந்து அதற்கு மாறி உட்கார்ந்தாள். யாரும் கை கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அதற்காகவே ஒரு மாதம் பழகியிருக்கிறாள். கூட வருகிறேன் என்ற அண்ணனிடம், "மேப்ல சக்கர நாற்காலி படம் போட்டிருக்குண்ணே, நானே போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள். தனியாக வந்து போக முடியும் என்று காட்டினால்தானே வேலை?

சென்டர் வாசலுக்கு வந்தாள். நாலு படி. ஒரு டயர் சரிவு. போனைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், மறுபடியும் போனைப் பார்த்தாள்.

அய்யாக்கண்ணு டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார். உதவி என்றால் முதல் ஆள் அவர்தான், அதை மறுக்க மாட்டேன்.

"கவலப்படாதம்மா! ஏய், நாலு பேரு வாங்கப்பா, சேரோட தூக்குவோம்!"

"வேணாம்ங்க."

"கூச்சப்படாதம்மா, நானும் ஒனக்கு அப்பா மாதிரிதான்."

"கூச்சமெல்லாம் இல்லீங்க. வேலை கேட்டு வந்திருக்கேன். என்னைய சிமெண்ட் மூட்ட மாதிரி தூக்கிட்டுப் போயி உள்ள எறக்குனா யாருங்க வேலை குடுப்பாங்க? சரி, இன்னைக்கித் தூக்குவீங்க. நாளைக்கி காலைல ஒம்பதரைக்கு வருவீங்களா? சாயங்காலம் எறக்கிவுட வருவீங்களா?"

"அதுக்கென்னம்மா, ஒரு போன் போடு, வந்துடறேன்."

அவள் சிரிக்கக்கூட இல்லை. உள்ளே தகவல் போய், சென்டர் நடத்தும் முத்தமிழ் வெளியே வந்தார். நல்ல மனிதர். மேல்படியில் நின்றுகொண்டு கேள்வி கேட்டார். கீழே சாக்கடை ஓரத்திலிருந்து, போகிற லாரி ஹாரனுக்கு மேலே குரலை உயர்த்தி அவள் பதில் சொன்னாள். எல்லாம் சரியான பதில் என்று அவரே சொன்னார். பிறகு படிகளை ஒருமுறை பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்மா" என்றார். இரண்டு நாளில் வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது.

அய்யாக்கண்ணு நேர்காணல் நடந்த அன்றைக்கே அந்த வாசலைப் படம் எடுத்து மேப்பில் ஏற்றி, 'மனிதநேயம் உள்ள பகுதி, உதவ மக்கள் ஓடி வருவார்கள்' என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் நேராகவே கேட்டுவிட்டேன்.

"அந்தப் படிக்கு ஆமாம் போட்டது நீங்கதானே?"

"நாந்தான் சார். ஆனா நான் ஒருத்தன் சொன்னா அது ஏத்துக்காதாம். இன்னும் ரெண்டு பேராவது சொன்னாத்தான் அந்தச் சக்கர நாற்காலிப் படம் வுழுமாம். என்னைய மட்டும் மொறைக்கிறீங்களே?"

அந்த இரண்டு பேரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். யாராக இருக்கும்? பார்க்காமலே பதில் சொல்லும் ஜென்மங்கள்! இரவு சாப்பிட்டு முடித்ததும், சும்மா, என் போனில் இதுவரை நான் சொன்ன பதில்களைத் திறந்து பார்த்தேன். நானும் எப்போதாவது விளையாட்டாக அழுத்துவதுண்டு. ஆடி மாதம் ஒரு நாள், டீ ஆறுவதற்குள் ஆறு பதில் சொல்லியிருக்கிறேன். நாலாவது, எதிரே இருந்த கம்ப்யூட்டர் சென்டர். சக்கர நாற்காலி செல்லும் நுழைவாயில் உண்டா?

ஆமாம்.

அதை "இல்லை" என்று மாற்றினேன். வெற்றிச்செல்வியும் அன்றைக்கு வாசலில் இருந்தபடியே "இல்லை" என்று அழுத்திவிட்டுத்தான் போனாள், நானே பார்த்தேன். ஆனால் எங்கள் இரண்டு பேர் "இல்லை" போதவில்லை போலிருக்கிறது, இன்றுவரை அந்தச் சக்கர நாற்காலிப் படம் மேப்பில் அப்படியே இருக்கிறது.

ஆக அய்யாக்கண்ணு ஒருவர், நான் ஒருவன். மூன்றாவது ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எப்போதாவது அரியலூர்ப் பக்கம் வந்து டீ குடித்ததுண்டா? கோபித்துக்கொள்ளாமல் உங்கள் போனைக் கொஞ்சம் எடுங்களேன்.