மூன்றாம் ஓலையும் மூன்று வேளை மாத்திரையும்

என் திருமணத்திற்குத் தடை இருக்கிறது என்று பங்குத்தந்தையிடம் புகார் போனது. புகார் கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. என்மேல் அவருக்குப் பகையும் இல்லை. நான் என் வாயால் சொன்னதைத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார். தன் கல்யாணத்தில் தானே மண்ணள்ளிப் போட்டுக்கொள்ள ஒரு தனித்திறமை வேண்டும். இருபத்தெட்டு வயதில் அது என்னிடம் ஏராளமாக இருந்தது.

எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று அறிவிப்பு. அதுவரை யாரும் எதையும் தெரிவித்து நான் பார்த்ததில்லை. ஓலை வாசிக்கும் நேரத்தில்தான் ஆண்கள் வெளியே போய் வண்டியைத் திருப்பி நிறுத்துவார்கள்.

எனக்கும் ஜெனிட்டாவுக்கும் முதல் ஓலை வாசித்தாயிற்று. ஜெனிட்டா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் திருவெறும்பூர் பக்கம் ஒரு பட்டறையில் பாய்லர் குழாய்களுக்கு வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சூப்பர்வைசர். வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

சிக்கல் அம்மாவின் நுரையீரலில் ஆரம்பித்தது. நான்கு மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இறுகிவிட்டன, அதற்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது பக்கம் களைத்துப்போகிறது என்றார் டாக்டர். குழாய்களைத் தளர்த்தும் ஒரு பொருள் உடம்பிலேயே உண்டாகிறதாம். பாஸ்போடைஎஸ்டரேஸ் என்கிற நொதி அதை உடனுக்குடன் அழித்துவிடுகிறதாம். அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரையைக் கொடுத்தால் குழாய் தளரும், மூச்சு சுலபமாகும். (குழாய் என்றதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துத் தலையாட்டினேன். தொழில் தோஷம்.)

மாத்திரையின் பெயர் சில்டெனாஃபில். இருபது மில்லிகிராம், தினம் மூன்று வேளை, திடீரென்று நிறுத்தவே கூடாது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மூச்சு மாத்திரை. அம்மா அதை இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்துக்குப் போனில் அலாரம் அடிக்கும். அம்மா எழுந்துபோய்ப் படத்தின் முன் நின்று கும்பிடுவதுபோல் விழுங்கிவிட்டு வருவார்.

"கல்யாணம் முடியற வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது ராஜா. வர்றவ மாமியாருக்குப் பணிவிடை செய்யவா வர்றான்னு அவங்க வீட்ல யோசிப்பாங்க. நெஞ்சுல கை வச்சுச் சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன்.

வழக்கமாக வாங்கும் ஆஸ்பத்திரிக் கடையில் மருந்து தீர்ந்துவிட்டது. எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. வீட்டில் ஒரு வாரத்துக்குத்தான் இருந்தது. எங்கள் தெருவில் இருக்கும் இரண்டு மெடிக்கல் கடைக்காரர்களும் எங்கள் பங்குக்காரர்கள். அங்கே கேட்டால் தாங்களே நான்காவது ஓலையாக வாசித்துவிடுவார்கள். எங்கும் கிடைக்காத மருந்தெல்லாம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கடையில் கிடைக்கும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். காவிரியைத் தாண்டிவிட்டால் நம்மை யாருக்குத் தெரியும் என்று சனிக்கிழமை காலை கிளம்பினேன்.

என் முன்னேற்பாடுகளை இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டேன். டாக்டர் சீட்டில் அம்மாவின் பெயர் இருந்ததால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, காலி அட்டையை மட்டும் சட்டைப்பையில் கொண்டுபோனேன். ஒரு வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிறவன்கூட இவ்வளவு கவனமாக இருந்திருக்க மாட்டான்.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். நெற்றியில் பளிச்சென்று திருமண். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"எனக்குத்தாங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை போடறேள்?"

"மூணு."

கண்ணாடியைக் கழற்றினார். "மூணா?"

"காலைல, மத்தியானம், ராத்திரி."

"ஓ, அப்போ நுரையீரல் சமாசாரமா? அதுக்குத்தான் மூணு வேளை குடுப்பா."

அங்கே 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் நுரையீரல் என்ற வார்த்தையைக் கேட்டதும் சத்தியம் ஞாபகம் வந்து தூக்கிவாரிப் போட்டது.

"சேச்சே! நுரையீரலெல்லாம் நல்லா இருக்குங்க. எங்க வீட்ல யாருக்கும் அந்த வியாதியே கிடையாது" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசும்போது சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "கல்யாணம் ஆயிடுத்தா?"

"இன்னும் மூணு வாரத்துல."

"எத்தனை நாளா போட்டுண்டிருக்கேள்?"

"நாலு மாசமா."

"இன்னும் எத்தனை நாளைக்காம்?"

"ஆயுசு முழுக்கன்னு சொல்லியிருக்காங்க. நடுவுல நிறுத்தினா உயிருக்கே ஆபத்தாம்."

எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். முகக்கவசம் போட்ட ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு நின்றிருந்தார். அவசரக்காரர் போலிருக்கிறது என்று கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தேன். அவர் முன்னால் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரர் பொறுப்பான மனிதர். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை ஏதாவது எடுக்கிறேனா, சேர்த்துப் போட்டால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கிவிடும் என்று எச்சரித்தார். சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரைகூடத் தர முடியாது என்றும், இருப்பும் இல்லை, அடுத்த சனிக்கிழமை வரும், சீட்டோடு வரவேண்டும் என்றும் சொன்னார். எடுத்துவைக்கப் பெயர் கேட்டார்.

"ஆரோக்கியராஜ்" என்றேன். போன் நம்பரையும் சொன்னேன். (இவ்வளவு மாறுவேடத்துக்குப் பிறகு உண்மையான பெயரைச் சொல்வார்களா? நான் சொன்னேன்.)

எழுதிக்கொண்டவர் என் கையைப் பிடித்து, "மனசைத் தளர விடாதீங்கோ. பெருமாள் கிருபையால சந்தான ப்ராப்தி எல்லாம் க்ஷேமமா நடக்கும்" என்றார்.

நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். பாதிப் பாலம் வந்த பிறகுதான் நுரையீரலுக்கும் சந்தானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தேன். ஆண்மைக் குறைவுக்குப் போடுவது என்று அந்த மாத்திரைக்கு ஊர் உலகத்தில் இருக்கும் இன்னொரு புகழ் அப்போதுதான் உறைத்தது. நான்கு மாதமாக மூச்சு மாத்திரை, மூச்சு மாத்திரை என்று சொல்லிச் சொல்லி அதை மறந்தே போயிருந்தேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிறிது நேரம் காவிரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது. சரி, இந்தக் கரையில் யாருக்கும் தெரியாதே என்று தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் இரண்டாம் ஓலை. எங்கள் கோயிலில் ஓலை வாசிப்பவர் உபதேசியார் சவரிமுத்து. கோயில் காரியங்களில் சாமியாருக்கு அடுத்தபடி அவர்தான். முப்பது வருடமாக ஒரே மூச்சில் வாசிப்பவர், அன்று 'தடை ஏதேனும்' என்ற இடத்தில் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு இருமினார். அந்த இருமலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தேன். ஞாபகம் வந்தபோது முழங்காலில் நின்றிருந்தேன், அதனால் விழவில்லை.

புதன்கிழமை பங்குத்தந்தை கூப்பிட்டு அனுப்பினார். மனசாட்சி உறுத்தியதால் ஒருவர் ஒரு விஷயத்தைத் தெரிவித்திருக்கிறார் என்று ஆரம்பித்து, மழை, உரம், விளைநிலம் என்று எங்கெங்கோ போனார். பாவம், அவருக்கு வியர்த்தது.

"ஃபாதர், அந்த மாத்திரை எனக்கில்ல."

"பின்ன யாருக்கு?"

சத்தியம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"எல்லாரும் அப்படித்தான் தம்பி சொல்லுவாங்க" என்றார் மிகுந்த அன்போடு. "அது ஒண்ணும் பாவமில்ல. ஆனா பொண்ணு வீட்டுக்குத் தெரியாம இருந்தா அது தப்பு. ஞாயிறு பூசைக்கு முன்னாடி டாக்டர் லெட்டரோட வாங்க. இல்லேன்னா மூணாவது ஓலைய நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும்."

பெண் வீட்டுக்குத் தெரியாமல் இருக்கும் என்ற கவலை அவருக்குத் தேவையே இல்லை. உபதேசியாரின் மனைவி செவ்வாய்க்கிழமையே அந்த ஊழியத்தைச் செய்து முடித்திருந்தார். வியாழக்கிழமை ஜெனிட்டாவிடமிருந்து போன் வந்தது.

"ஒரே ஒரு கேள்வி. அந்த மாத்திரை உங்களுக்கா?"

"இல்ல."

"யாருக்கு?"

"சொல்ல முடியாதுங்க."

அந்தப் பக்கம் ஒரு கணக்கு ஓடுவது கேட்டது. "சனிக்கிழமை மத்தியானம் நாங்க வரோம். அதுக்குள்ள சொல்ல முடியுமான்னு பாருங்க" என்று வைத்துவிட்டாள். ஓலை நின்றாலும் பரவாயில்லை, அவள் என்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவாளே என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சனிக்கிழமை ஜெனிட்டாவும் அவளுடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். முகூர்த்தப் புடவை பற்றிப் பேச வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தார். மூச்சை அடக்கிக்கொண்டு காப்பி கொண்டுவந்து கொடுத்தார். ஜெனிட்டாவின் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு நிமிடம் முன்பின் ஆனாலும் பொறுக்காதவர். காப்பியைக் குடிக்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி இரண்டு. அலாரம் அடித்தது.

அம்மா அசையவில்லை. விருந்தாளிகள் முன் எப்படி எழுந்துபோவது? அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வருங்கால மாமனார் பெருந்தன்மையோடு சொன்னார்:

"எடுத்துக்குங்க மாப்பிள்ள. எங்களுக்காக வேளை தவற வேண்டாம்."

"என்னத்த எடுத்துக்கறது?" என்றார் அம்மா.

ஜெனிட்டாவின் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஜெனிட்டாதான், கணக்குப் பாடம் நடத்தும் அதே குரலில், ஸ்ரீரங்கம் கடையில் தொடங்கிப் பங்குத்தந்தை வரைக்கும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்தார். எழுந்து இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் கையை விட்டு அட்டையை எடுத்தார். அதில் ஒரே ஒரு மாத்திரை இருந்தது. அதைப் பிதுக்கி எல்லோருக்கும் தெரியும்படி பிடித்துக் காட்டி, வாயில் போட்டு, மாமனாரின் காப்பியை எடுத்துக் குடித்து விழுங்கினார்.

"எனக்குத்தான். நாலு மாசமா. நுரையீரல்ல பிரஷர். எம்புள்ள சொல்ற ஒரே உண்மை, அது அவனுக்கில்லங்கறதுதான்" என்றார். பிறகு மூச்சு வாங்கியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜெனிட்டா எழுந்து அவரை உட்காரவைத்தாள். "ஏன் அத்தை மறைச்சீங்க?"

"நீ வேண்டாம்னு சொல்லிருவியோன்னு பயந்தேம்மா."

அவள் காலி அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "அடுத்த வேளை ராத்திரி பத்து மணிக்கு. மாத்திரை எங்க?" என்று என்னைக் கேட்டாள். வீட்டில் ஒன்றுகூட இல்லை என்றேன். "அப்ப உக்காந்து என்ன பண்றீங்க? சீட்ட எடுங்க, கிளம்பலாம்."

இம்முறை சீட்டோடும், முகக்கவசம் இல்லாமலும், பின்னால் ஜெனிட்டாவோடும் காவிரியைக் கடந்தேன். கடைக்காரர் எடுத்துவைத்திருந்த பெட்டியோடு வந்தார். சீட்டைப் பார்ப்பதற்கு முன் ஜெனிட்டாவைப் பார்த்தார்.

"இவாதான் பொண்ணா? ரொம்ப தைரியசாலிம்மா நீங்க!"

ஜெனிட்டா அந்தக் கடை வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அவள் அவ்வளவு சிரிப்பாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சீட்டைப் படித்ததும் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தார். "அன்னிக்கு உங்க பின்னாடி இருந்தவர் மருந்து வாங்காமலே எழுந்து போயிட்டார், பையையும் விட்டுட்டு. உங்க கோயிலாத்தான் இருக்கும், சேத்துடுங்கோ." பையில் எங்கள் கோயில் திருவிழாப் படம் அச்சிட்டிருந்தது, உள்ளே உபதேசியார் பெயரில் ஒரு டாக்டர் சீட்டு இருந்தது.

ஞாயிறு பூசைக்கு முன் டாக்டர் சீட்டைப் பங்குத்தந்தையிடம் காட்டிவிட்டு, பையை உபதேசியாரிடம் நீட்டினேன். அவர் முகம் வெளுத்தது. அவருக்குக் காலில் ரத்தக்குழாய் அடைப்பு. நூறடி நடந்தால் கெண்டைக்கால் இழுக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்தது சிலோஸ்டசால், அதுவும் அதே நொதிக் குடும்பத்தைத் தடுக்கும் மாத்திரைதான். தெரிந்தால் சிலுவைப்பாதையில் முன்னால் நடக்க வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து அவரும் ஆற்றைத் தாண்டியிருக்கிறார்.

"யார்கிட்டயும் சொல்லிராதீங்க தம்பி" என்றார்.

நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். மூன்றாம் ஓலையை அவர் மூச்சு விடாமல் வாசித்து முடித்தார். அந்த வருடம் அவரே சிலுவைப்பாதையின் நடுவில் நின்று, கால் வலிக்கிறது என்று எல்லோர் முன்னும் சொல்லிவிட்டார். பிறகுதான் நானும் இதை எழுதத் துணிந்தேன். இப்போது மாதம் ஒருமுறை பாலம் தாண்டி அவருக்கும் சேர்த்து நான்தான் வாங்கிவருகிறேன்.

எங்கள் வீட்டில் ஆறு, இரண்டு, பத்துக்கு இன்னும் அலாரம் அடிக்கிறது. மாத்திரை இப்போது சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் மாமனார் வந்திருந்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்து வெளியே போய்விடுவார். சிரித்தால் மூச்சு வாங்கும், அதிகம் சிரிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா கேட்பதில்லை. மாத்திரையைக் கையில் எடுத்து, என் பக்கம் நீட்டி, "எடுத்துக்குங்க மாப்பிள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் தன் வாயில் போட்டுக்கொள்கிறார்.