கோலாக் கொட்டையால் திரும்பிப்போன ஆலை

அன்புள்ள தம்பி ஒபியோராவுக்கு,

உமுவெலேயிலிருந்து அண்ணன் ஒக்வுடிலி ஆசிகளோடு எழுதுவது. லாகோஸ் நெரிசலில் நீயும் உன் மனைவி மக்களும் உடம்பு நோகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் எப்போதும்போல எதிர்க்கட்சி.

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது நீ கோழிக்காலைக் கையில் பிடித்துக்கொண்டு, நம் மாநிலத்தில் தொழில் தொடங்குகிறவன் புத்தி பேதலித்தவன், முதலில் கரண்ட்டைக் கொண்டு வாருங்கள், அப்புறம் என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். அன்றைக்குப் பண்டிகை நாளாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கு மூடுவதாக இல்லை. முழுக்கப் படி, நடுவில் போனை எடுக்காதே.

என் மகள் உசோமா மாநிலத்துக்குத் தொழில் முதலீடு கொண்டுவரும் அலுவலகத்துக்குத் தலைவியாக இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். அவள் படும் பாடு உனக்குத் தெரியாது. வடக்கே கானோவிலிருந்து அல்ஹாஜி தன்லாமி என்பவர் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஸ்டார்ச் எடுக்கும் ஆலை கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்து மாநிலம் அவரை ஒரு கையைப் பிடித்து இழுத்தது, இவள் இன்னொரு கையைப் பிடித்து இழுத்தாள். இந்த ஆலையும் கைநழுவினால் அவளுடைய அலுவலகத்தை விளையாட்டுத் துறையோடு சேர்த்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதாவது ஊர் ஊராக அலைந்து மாநிலத்துக்காக வாதாடிய பெண் கால்பந்துக்குக் காற்றடிக்கப் போக வேண்டியதுதான். நம் ஊர்க் கிழங்கு பாதி வாங்க ஆளில்லாமல் மண்ணுக்குள்ளேயே கட்டையாகிப் போகிறது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்.

அவளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அச்சடித்த விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் ஒரு பெரிய தொங்குபாலம் இருந்தது. நம் மாநிலத்தில் அப்படி ஒரு பாலமே கிடையாது, எந்த நாட்டுப் பாலமோ. இவள் முதல் வேலையாக அந்த அட்டையைக் கிழித்துப் போட்டாள். இல்லாத பாலத்தைக் காட்டி அழைத்தால் வருகிறவர் முதலில் பாலத்தைத்தானே கேட்பார் என்றாள். அட்டையில் நம் ஊர்க் கிழங்கைப் போட்டாள். ஓகோரோ வீட்டுக் கிழங்கு, ஒரு ஆள் நீளம். பிறகு சாலைத் துறைக்காரர்களைக் கெஞ்சியும் மிரட்டியும் நம் பாதையைச் சமப்படுத்த வைத்தாள். வாழ்நாள் முழுக்க ரயில் வராத ரயில் நிலையத்துக்கு அதிகாரியாக இருந்தவன் நான். நடக்காத காரியத்துக்காகத் தினமும் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு போவது என்னவென்று எனக்குத் தெரியும். அவள் போகிற விதமே வேறு. நடக்கும் என்று நம்பிப் போகிறாள்.

ஆலைக்குப் பார்த்த நிலம் நம் குலத்துப் பொது நிலம் என்பதால் அல்ஹாஜியை ஊருக்கே அழைத்துவந்து குலத்தார் வாயால் சம்மதம் வாங்கித்தருவதாக ஏற்பாடு. பந்தல் போட்டாயிற்று, உன் ஆலையிலிருந்து நீ கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டாயிற்று (தொழில் அமைச்சர் உட்கார்ந்ததும் ஒன்று நாலு காலையும் விரித்துப் படுத்துவிட்டது, அதைப் பற்றித் தனியாகப் பேசுவோம்), வந்திருந்த பெரிய மனிதர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுப்பி உட்கார வைப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்தாயிற்று. பேச்சைத் தொடங்குமுன் முன்னோரைக் கூப்பிட்டு உடைக்கிற கோலாக் கொட்டையை வாங்கும் பொறுப்பு மட்டும் என்னிடம். உன் அண்ணி எந்தக் கோலா என்று கேட்கத்தான் கேட்டாள். கோலா என்றால் கோலாதானே என்று சொல்லிவிட்டு, கானோக்காரர் மனம் குளிரட்டும் என்று சந்தையில் வடக்கத்தி ஹௌசாக்காரர்கள் கடைக்கே போய், சிவப்பும் வெள்ளையுமாகப் பெரிது பெரிதாக, அவர்கள் நாள் முழுக்க மெல்லும் அந்தக் கோலாவைத் தேர்ந்தெடுத்து வாங்கி வந்தேன். இதில் என்ன தப்பு, நீயே சொல்.

ஊரிலேயே மூத்தவர் ஒகபுவே தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார், நகத்தால் பிளந்து பார்த்தார், நம் கோலாவைப் போல மூன்று நாலு இல்லை, இரண்டே பருப்பு. தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"இது வாயில போட்டு மெல்றது. முன்னோரக் கூப்பிட்டு உடைக்கிறது இது இல்ல."

அவ்வளவுதான், நிலத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்றாகிவிட்டது. அமைச்சர் சமாளிக்கப் பார்த்தார். தானே தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். கோலாவுக்கு நம் பாஷைதான் புரியும், அதற்கு முன்னால் இங்கிலீஷா என்று பந்தலே எழுந்து நின்றது. நம் தெருப் பையன் பீட்டரை மோட்டார் சைக்கிளில் அவசரமாக நம் கோலா தேட அனுப்பினார்கள். எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்றார்கள், ஒருவர் வீட்டிலும் இல்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், உன் அண்ணி உட்பட. நான் பந்தல் துணியை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

பெண் என்பதால் உசோமா உடைத்து முடியும்வரை கோலாவைத் தொடவும் முடியாது, உடைக்கிற விஷயத்தில் பேசவும் முடியாது. வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அல்ஹாஜிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அல்ஹாஜி, எங்கப்பா உங்களுக்குப் பிடிக்கட்டும்னு உங்க ஊர்க் கோலாவ வாங்கிட்டு வந்துட்டார். எங்க கோலா வந்து உடையிற வரைக்கும் இவங்க நிலத்தப் பத்திப் பேச மாட்டாங்க. அதுவரைக்கும் வேற என்ன வேணும்னாலும் என்கிட்ட கேளுங்க."

அவர் கரண்ட்டைப் பற்றிக் கேட்டார். நாலு மணி நேரம் வந்தால் அன்றைக்கு நல்ல நாள், புது லைன் இழுக்கிறார்கள், எப்போது முடியும் என்று எனக்கே தெரியாது என்றாள். பாதையைப் பற்றிக் கேட்டார். போன வாரம்தான் சமப்படுத்தினோம், மழைக்காலத்தில் லாரி சிக்கும், ஊரார் கூடித் தள்ளிவிடுவார்கள் என்றாள். அமைச்சர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கிழங்கைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவள் அவரை எழுப்பிப் பந்தலுக்குப் பின்னால் அழைத்துப்போய், ஒரு செடியைத் தன் கையாலேயே பிடுங்கிக் காட்டினாள். புதுச் செருப்பெல்லாம் மண். அல்ஹாஜி, நான் வாங்கிய கோலாவைத் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மென்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். 

பிறகு அவருக்குத் தொழுகை நேரம் வந்தது, தொழுதார். விமானத்துக்கு நேரமும் வந்தது. என்றைக்கும் நேரத்துக்குக் கிளம்பாத விமானம் இன்றைக்குப் பார்த்துக் கிளம்பிவிடும் என்று அவருடைய உதவியாளர் பறந்தார். கார் கதவு சாத்தும் சத்தமும் பீட்டரின் மோட்டார் சைக்கிள் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. கோலா வந்துவிட்டது. ஒகபுவே உடைத்தார், நாலு பருப்பு, நம் வாரத்தின் நாலு சந்தை நாளுக்கும் ஒவ்வொன்று, இதைவிட நல்ல சகுனம் கிடையாது என்று எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். குலத்தார் எழுந்து நின்று, எதிர்த்து ஒரு குரல் இல்லாமல், நிலத்தைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். யாருக்கு? காலி நாற்காலிக்கு. விருந்தாளிக்கு முழுசாகச் சேர வேண்டிய ஒரு கோலாவை எடுத்துக்கொண்டு உசோமா, கூட்டத்தினூடே இன்னும் ஊர்ந்துகொண்டிருந்த காருக்குப் பின்னால் ஓடி, குலம் சம்மதித்துவிட்டது என்று சொல்லி ஜன்னல் வழியாக அவர் மடியில் போட்டுவிட்டு வந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஆறிப்போன ஃபூஃபூக் களியைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் போய் நின்றேன். திட்டினாலாவது தேவலை என்றிருந்தது.

"விடுங்கப்பா. நீங்க வாங்கினது அவருக்குப் பிடிச்சிருந்துது."

 வாரம் ஒன்றாகிறது, கானோவிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. திங்கட்கிழமை அவள் அலுவலகப் பலகையைக் கழற்றப் போகிறார்கள்.

ஆகவே கேட்கிறேன், கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள், உன் நாற்காலி ஆலையை இங்கே கொண்டு வா. நிலம் தயார், சம்மதம் தயார், பாதை மழை வரைக்கும் தயார். எந்தக் கோலா வாங்க வேண்டும் என்று உனக்குச் சொல்லித்தரவும் வேண்டியதில்லை. உன் அண்ணன் மகளைப் போல உண்மையைச் சொல்லி ஆலை கேட்கிற ஆள் உனக்கு எந்த மாநிலத்திலும் கிடைக்க மாட்டார். இந்த ஒரு முறை அவள் தோற்கக் கூடாது.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, உன்னைவிடக் கொஞ்சம் தன்மையாகப் பேசக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

உன் அண்ணன்,
ஒக்வுடிலி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உசோமா வந்து கதவைத் தட்டினாள். அல்ஹாஜி போன் செய்திருக்கிறார். மற்ற இடத்திலெல்லாம் மேளதாளத்தோடு உட்கார்ந்த சூட்டில் நிலம் கொடுத்தார்களாம். விசாரித்துப் பார்த்தால் அதே நிலத்தை ஏற்கெனவே இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தார்களாம். "ஒரு கொட்டைக்காக அமைச்சரையே வாயடைக்க வச்ச ஊரு, ஒரு தடவ சரின்னு சொன்னா அது சரிதான்" என்றாராம். நிலம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறார். ஆகவே மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே, உன் ஆலையைத் தயவுசெய்து கொண்டு வந்துவிடாதே, வைக்க இடமில்லை. அடிக்கல் நாளுக்கு நாற்காலிகள் மட்டும் அனுப்பு, அமைச்சரை மனதில் வைத்து. அன்றைக்கு இரண்டு தட்டுக் கோலா. முன்னோருக்கு உள்ளதை ஒகபுவே வாங்குகிறார். அவர் மெல்லுவதற்கான இன்னொரு தட்டை உசோமாவின் அப்பாதான் வாங்க வேண்டும் என்று அல்ஹாஜி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உன் அண்ணி இதை இன்னும் நம்பவில்லை.