பிரிட்ஜ் இல்லாத பெட்டி

சமையலறை மூலையில் பிரிட்ஜ் நின்ற இடம் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. மாப்பிள்ளை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்போதுதான் மாமனார் போன் செய்திருந்தார்.

“மாப்பிள்ளை, பொண்ணையும் கூட்டிக்கிட்டு கிளம்பிட்டேன். பிரிட்ஜை லாரியில ஏத்தறப்ப நான் பக்கத்துல இருக்கணும்.”

பாலம் கட்டும் கம்பெனியில் வரைபடம் போடுகிற ஆள், வயது நாற்பத்திரண்டு, பாதி வழுக்கை. ஆனாலும் அந்தக் குடும்பத்தில் அவருக்கு இன்னும் மாப்பிள்ளை என்றுதான் பெயர். மாமனார் மின்சார இலாகாவில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கனைத்தாலே மாப்பிள்ளை எழுந்து நின்றுவிடுவார்.

வெளிநாட்டு மாற்றல் வந்த அன்று, “நான் கொடுத்த பிரிட்ஜை என்ன செய்யப் போறீங்க?” என்று மாமனார் கேட்டார். பாழாய்ப்போன வாய் சும்மா இருந்ததா? “அதை விட்டுட்டு நான் போவேனா மாமா? அது என் உசிராச்சே!” என்று உளறிவிட்டது.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அந்த ஊரில் மின்சாரம் இங்கே வருவதில் பாதி அழுத்தம்தானாம். பிரிட்ஜ் அங்கே போனால் துணி மடித்து வைக்கத்தான் ஆகும். மனைவியிடம் மெல்ல இழுத்துப் பார்த்தார்.

“அப்பா ஆசையா கொடுத்தது. அவர் முகம் சுருங்கிச்சுன்னா நான் பிளேன் ஏற மாட்டேன். நீங்க தனியா போய் வடிச்சுக் கொட்டிக்குங்க.”

அவள் சொன்னால் சொன்னதுதான். ஆகவே அவள் இரண்டு நாள் அப்பா வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, மாடியில் இருக்கும் பல் டாக்டர் தலையில் பிரிட்ஜைக் கட்டிவிட்டார். லாரிக் கம்பெனி கொடுத்த பெரிய அட்டைப்பெட்டியைக் காலியாகவே ஒட்டி வைத்தார். கப்பலில் தொலைந்துவிட்டது என்று அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம். மாமனார் நேரில் வந்து நிற்பார் என்று கண்டாரா?

ஒரே ஓட்டமாக மாடிக்கு ஓடினார்.

“டாக்டர், ஒரே ஒரு மணி நேரம் பிரிட்ஜைக் கொடுங்க. காட்டிட்டுத் தந்துடறேன்!”

“விளையாடறீங்களா? உள்ள பூரா மரத்துப்போற ஊசி மருந்து. ஆமா, அந்தக் கடவாய்ப்பல் ஏன் கறுத்திருக்கு? கொஞ்சம் வாயைத் திறங்க.”

மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு கீழே ஓடிவந்தார். வந்து பார்த்தால், மின்விசிறிக் காற்றுக்கே பெட்டி நகர்ந்து வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மாமனார் லேசாகத் தட்டினால் போதும், கதை முடிந்தது. கனமாக எதையாவது உள்ளே போட்டாக வேண்டும். வீட்டிலிருந்த மற்றதையெல்லாம் ஏற்கெனவே கட்டியாயிற்று.

மிச்சம் இருந்தது பரண்தான். அங்கே மாமனார் எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்த ‘தொட்டால் அபாயம்: ஓர் ஆய்வாளரின் அனுபவங்கள்’ இருநூறு பிரதிகள் இருந்தன. ஆபீசில் கொடுக்கச் சொல்லி அவர் தந்தவை. மாப்பிள்ளை ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. “எங்க மேனேஜர் படிச்சிட்டு அழுதுட்டார் மாமா” என்று மட்டும் சொல்லியிருந்தார். இந்தச் சனியனும் இதோடு தொலையட்டும் என்று இருநூறையும் பெட்டிக்குள் அடுக்கி, இறுக்கி ஒட்டினார். வாசலில் கார் வந்து நின்றது.

மாமனார் சட்டைப்பையில் டெஸ்டரோடு உள்ளே வந்தார். “பெட்டியைப் பிரிங்க. கதவைக் கயித்தால கட்டியிருக்கீங்களான்னு பார்க்கணும்.”

“பிரிக்கக் கூடாது மாமா! பிரிச்சா இன்ஷூரன்ஸ் செல்லாதாம்.”

மாமனார் பெட்டியைத் தட்டினார். தொப் தொப்பென்றது.

“சத்தம் ஒரு மாதிரியா இருக்கே?”

“அடிபடக் கூடாதேன்னு சுத்தித் துணி வச்சிருக்கேன் மாமா.”

“எந்தத் துணி?” மனைவி குறுக்கே வந்தாள். “நாளைக்குக் கட்டிக்க எடுத்து வச்ச புடவையைக் காணோமேன்னு பார்த்தேன். அதையுமா?”

“அது... ஆமா, அதையும்தான்.”

அவள் கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். நல்லவேளை, மாமனார் அவள் கையைப் பிடித்தார்.

“விடும்மா. ஒரு பிரிட்ஜ் மேல இவ்வளவு பாசமா? மாப்பிள்ளை, நம்ம புத்தகம் ஒண்ணு மிச்சமிருந்தா அந்த ஊர் ஆபீசுக்கும்...”

“ஒண்ணு கூட இல்லை மாமா. அடிச்சுப் பிடிச்சு வாங்கிட்டுப் போயிட்டாங்க!”

லாரி வந்தது. நாலு பேர் சேர்ந்து முக்கி முனகித் தூக்கினார்கள்.

“என்ன சார், பிரிட்ஜா, பாறையா?” என்றார் லாரி மேஸ்திரி.

“அந்தக் காலத்து இரும்புப்பா!”

மாமனார் மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு, பெட்டியைக் காட்டிக் காட்டி ஏதோ குசுகுசுத்தார். மாப்பிள்ளை தள்ளி நின்றே காதைத் தீட்டிக்கொண்டார். தெரிந்துவிட்டதா? எல்லாம் போச்சா? ஆனால் மாமனார் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார். “வீட்ல ஒரு அவசர வேலை, வரட்டுமா மாப்பிள்ளை?” என்று காரில் ஏறிப் பறந்துவிட்டார்.

“அப்பா முகத்தைப் பார்த்தீங்களா? என்ன சந்தோஷம்!” என்றாள் மனைவி. “புடவை போனாப் போகுது. நாளைக்கு நிம்மதியா பிளேன் ஏறுவேன்.”

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மேஸ்திரி நீட்டிய பட்டியலில் கையெழுத்துப் போடக் குனிந்தார். பிரிட்ஜ் என்ற வரி அடிக்கப்பட்டிருந்தது.

“இதை ஏன்பா அடிச்சிருக்கே?”

மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பெரியவர்கிட்ட காட்டிக்காதீங்க சார், அந்த ஊர் கரண்டுக்கு இது ஓடாதுன்னு சொன்னா உங்க மனசு உடைஞ்சிடுமாம், அதனால இதைக் கப்பலுக்கு அனுப்பாம நேரா அவர் வீட்லயே இறக்கச் சொல்லிட்டாரு, பெட்டியைப் பிரிச்சு ப்ளக் மாட்டி வைக்கத்தான் இப்ப அவசரமா ஓடறாரு!”