குளியலறைக்குப் புதுக் கதவு போட்ட விவரம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். வலது தோள்பட்டை மட்டும் சௌக்கியமில்லை. அங்கே தோள்பட்டை உட்பட அனைவரும் நலம் என்று நம்புகிறேன்.

மகள் பிரசவத்துக்குத் துணையாகப் போன தங்கள் தங்கை, ஒரே மாதத்தில் திரும்பி வருவதாகச் சொன்னது தங்களுக்கு நினைவிருக்கும். இப்போது பேரன் தவழ்கிறான். எப்போது வருகிறாய் என்று கேட்டால், "மொதல்ல அந்தக் குளியலறைக் கதவ மாத்துங்க. அடியெல்லாம் உளுத்துப்போய் பாதிக் கதவுதான் மிச்சம். அப்புறம் வர்றேன்" என்றாள். கதவோடு தரையையும் புதுசாகப் போட்டுவிடலாமே என்று எனக்கு ஒரு யோசனை. யோசனை வரும்போது தடுக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும், மச்சான்.

கொத்தனார் வந்து கான்கிரீட் போட்டார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதில் அவருக்கும் தண்ணீருக்கும் கருத்து வேறுபாடு. நடுவில் மேடு தட்டிவிட்டது. தச்சர் வந்து நிலை ஓரத்தில் மட்டும் அளவெடுத்துப் போய்க் கதவைச் செய்து மாட்ட, அது உள்பக்கமாக ஒரு சாண் திறந்து மேட்டில் முட்டி நின்றது. "கதவு நேராத்தான் இருக்கு சார், தரைதான் கோணல்" என்றார். கொத்தனாரைக் கேட்டால், "தரை அது பாட்டுக்குக் கெடக்கு, கதவுதான் வந்து இடிக்குது" என்றார். இரண்டு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து குளித்தேன். மூன்றாம் நாள் தச்சர் கதவின் அடியை அறுத்தெடுத்தார். திறந்தது. திறந்ததோடு, பக்கத்து வீட்டுப் பூனை அந்த இடைவெளியில் தலையை விட்டு நான் குளிப்பதைப் பார்த்தது. அதற்காக அடியில் ஒரு ரப்பர் பட்டையை அடித்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குளித்து முடித்துக் கதவை இழுத்தால், மூடும்போது மடங்கிக்கொடுத்த ரப்பர் இப்போது மேட்டில் ஆப்பு மாதிரி இறுகிவிட்டது. கை நுழையும் அளவுக்குமேல் திறக்கவில்லை. ஓங்கி ஒரு இழு இழுத்தேன்; கைப்பிடி மட்டும் என்னோடு வந்தது. வழக்கம்போல உங்கள் தங்கையைத்தான் கூப்பிட்டேன். இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் அவள் ஊரில் இல்லை என்பது உறைத்தது. உறைத்த பிறகும், வேறு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் அவளையே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தபடி கூப்பிட்டேன். கூடத்தில் தொலைபேசி அடித்தது, ஓய்ந்தது, மறுபடி அடித்தது. அவள்தான். எப்படித் தெரியும் என்கிறீர்களா? இந்த வீட்டுக்கு வேறு யார் பேசுகிறார்கள்!

ஒரு மணிக்கு, மறந்துபோன உளியை எடுக்கத் தச்சர் வந்தார். வாசல் கதவைத் தாழிடாமல் விட்டிருந்தேன், நல்ல வேளை.

"அம்மா வந்துட்டாங்களா சார்? நீங்க கூப்பிடுறது தெரு வரைக்கும் கேக்குதே."

"வரல."

அவர் குளியலறைப் பக்கம் வந்தார். வெளியிலிருந்து ஒரே தள்ளு. கதவும் திறந்தது, என் தோளிலும் பட்டது. இடுப்பில் துண்டோடு நான் நிற்க, அவர் தரையில் குந்தி அந்த மேட்டைத் தானே செதுக்கிச் சமன் செய்தார். கைப்பிடியையும் முடுக்கினார். இரண்டு தம்ளரில் டீ போட்டேன். இரண்டாவது தம்ளரைத் தேடி எடுத்துக் கழுவ வேண்டியிருந்தது.

அவர் போன பிறகு தொலைபேசியில் பேசினேன்.

"ஏன் எடுக்கல?"

"குளிச்சிட்டிருந்தேன்."

"இவ்வளவு நேரமா?"

"புதுக் கதவு. வசதியா இருந்துச்சு."

"அப்ப நல்லாத்தான் இருக்கீங்க. பேரனுக்குப் பல்லு மொளைக்குது, இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டு வர்றேன்."

"தாராளமா இரு" என்று சொல்லிவிட்டேன் மச்சான், என் வாய்தான் சொன்னது.

ஆகவே எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை. கதவு ஒரு விரலால் திறக்கிறது. மாட்டிக்கொண்ட சங்கதியைத் தங்கையிடம் மூச்சுவிட வேண்டாம், பதறுவாள். பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சின்னவர்களுக்கு என் ஆசியையும் குறைவில்லாமல் பிரித்துக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்

பி.கு.: ஒட்டின கவரைப் பிரிச்சு எழுதுறேன். மச்சான், அவகிட்ட சொல்லிடுங்க. மூணு மணி நேரம்னு சொல்லாதீங்க, பொழுது சாயற வரைக்கும்னு சொல்லுங்க. கண்டபடி திட்டுவா. இங்க வந்து திட்டச் சொல்லுங்க.